திட்டமிட்ட மின்தடை

எட்டாம் நாளும் ஆயிரத்து இருபத்திரண்டு.
கண்ணாடிக் குழாயில் மிதக்கும் அந்தக் குச்சி
நேற்று நின்ற கோட்டிலேயே நிற்கிறது,
சம்பளப் பட்டியலில் என் பெயருக்கு நேரே
அசையாத இலக்கத்தைப் போல.

நீர்ப்பூட்டில் குமிழி இல்லை.
காதை வைத்துக் கேட்டேன்.
பழைய பிரிட்ஜின் மோட்டார் மட்டும்
தொண்டையைச் செருமிற்று.

மூன்றாம் நாள் கூழ்முட்டை மணம்.
மதிலுக்கு அங்கால் மங்களாவதி டீச்சர்
"காஸ் சிலிண்டரைப் பாருங்கோ தம்பி" என்றா.
பார்ப்பது போல் நின்றேன்.
தவறணைக்கு லைசன்ஸ் உண்டு, என் பிரிட்ஜுக்கு இல்லை;
கந்தகம் அதை ஊருக்கே வாசித்துவிடும் போலிருந்தது.
சூரிச்சிலிருந்து அமலதாஸ் வொய்ஸ் போட்டான்:
"பயப்படாத மச்சான், லாகர் ஈஸ்ட் அப்படித்தான்,
குளிரில வேலை செய்தா குசு விடும்."

அது போனது. மறுகா வந்தது வெண்ணெய்.
டொறத்தி ஒரு கரண்டி ருசி பார்த்து
"நத்தாருக்கு முன்னமே பட்டர் கேக்கா?" என்றாள்.

குளிர் எவ்வளவு என்றான் அமலதாஸ். பதினொன்று.
ஈஸ்ட் போடும்போது சாறு எவ்வளவு சூடு?
கை வைத்துப் பார்த்தேன், சுடவில்லை.
"கம்பம் ஏறிக் காய்ச்ச கைக்கு என்னடா சுடும்?"
பைக்கற் எப்போது வந்தது?
வைகாசியில். கொழும்புத் தபாலில்
மூன்று கிழமை வெக்கையில் கிடந்துவிட்டு.
"அப்ப பாதி செத்திருக்கும்.
மிச்சப் பாதி குளிரில சுருண்டு படுத்திருக்கும்.
இனிச் சூடாக்கு. மெல்ல. பதினெட்டு வரைக்கும்."

மனம் வரவில்லை.
வெளியே முப்பத்தினாலு,
கச்சான் காற்று வாவியையே காய்ச்சுகிற ஆடி மாதம்.
கதவின் ரப்பர் கிழிந்த இடத்தில்
நாலு சுற்று கறுப்பு டேப், அதுவும் சபையின் டேப்,
இப்படித்தான் சேர்த்தேன் அந்தப் பதினொன்றை.
இந்த ஊரில் குளிர் என்பது
மாதாமாதம் வரும் பில்.
அதை அவிழ்த்து விடச் சொல்கிறான்
சுவிசில் இருந்துகொண்டு.

ஞாயிறு.
கல்லடி, டச்பார், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை,
லைனுக்குக் கீழே மரம் வெட்டும் வேலை.
நோட்டீஸ் ஒட்டியதும் நான்தான்.
நீளத் தடியால் பியூஸைக் கொழுவி இழுக்கப் போகையில்
என் வீட்டுக் கூரை தெரிந்தது.
தடி நின்றது.
"என்னடாப்பா, மேல நித்திரையா?"
கீழேயிருந்து சுப்பவைசர்.
இழுத்தேன்.
ஒரு தெருவின் மின்விசிறிகள் ஓய்கிற சத்தம்
அவ்வளவு உயரத்தில் கேட்குமா?
எனக்குக் கேட்டது.
ஒரு மோட்டார் செருமி அடங்குவதும்.

வாகைக் கொப்புகள் விழுந்துகொண்டிருந்தன.
நான் பாகை எண்ணினேன்.
பன்னிரண்டு.
சோற்றுப் பார்சலை அவிழ்க்கையில் பதினாலு.
ஐந்து மணிக்கு முடியவில்லை. ஆறேகாலுக்குத்தான்
பியூஸ் ஏறியது. பிள்ளைகள் கூவினார்கள்,
லைட்டுக்கு.

வீட்டில் டொறத்தி பிரிட்ஜுக்கு முன் குந்தியிருந்தாள்,
கதவு திறந்தபடி.
ஏச வாயெடுத்தேன்.
"உஷ்" என்றாள்.

பதினெட்டு.
ப்ளுக்.

இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.
நீர்ப்பூட்டின் தண்ணீர் ஒரு பக்கம் சரிந்து,
யோசித்து,
ப்ளுக்.

குமிழைத் திருகிப் பதினெட்டிலேயே விட்டேன்.
நாலாம் நாள் ஆயிரத்துப் பன்னிரண்டு.
வெண்ணெயைக் காணோம். விட்டதை
அந்தப் பூச்சிகளே திரும்பத் தின்றுவிட்டனவாம்.
"சொன்னபடி சூடாக்கினேன்" என்று அனுப்பினேன்.
"எப்பிடி?"
"திட்டமிட்டு."

இனித் திரும்பவும் குளிர், ஆறு கிழமை.
அதற்குள் மதிலுக்கு அங்காலிருந்து ஒரு மணம்.
"ரெண்டு கிலோ இறால் தம்பி,
மகள் வாறாள் எண்டு வாங்கி வச்சது.
ஞாயிற்றுக்கிழமை ஆர் கரண்ட வெட்டினது?"

நான் குனிந்து
காஸ் சிலிண்டரைப் பார்த்தேன்.